பெட்ரோல் பங்கில் ஒரு டீ

எட்டு வருடப் பெருங்குடல் அழற்சி. ஆகுர்டியிலிருந்து சாகண் போகும் எங்கள் கம்பெனி பஸ், எனக்காகவே தினமும் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கும். முப்பது பேரும் சபிப்பார்களே என்று தலைகுனிந்தபடி கழிப்பறைக்கு ஓடுவேன்.

பெருங்குடலை எடுத்து, வயிற்றில் மலம் சேரும் பை பொருத்திய பின் வேலைக்குத் திரும்பிய முதல் நாளும் அப்படியே பாய்ந்தேன். கழிப்பறைக் கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது, இனி ஓடவே தேவையில்லை என்று. மூளைக்கு மட்டும் ஆபரேஷன் செய்ய மறந்துவிட்டார்கள்!

வெளியே வந்து, "இனிமே இங்க நிறுத்த வேண்டாம் அண்ணா" என்று டிரைவரிடம் இந்தியில் சொன்னேன்.

"அட, நீங்க வேற அண்ணே! அப்புறம் நாங்க டீக்கு எங்க போறது?" என்று பதறினான் சக ஊழியன் செல்வம். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துக் கடையில் எல்லார் கையிலும் கிளாஸ்.

பயணத்தில் டீயைத் தொடவே பயந்தவன், அன்று நின்று நிதானமாகக் குடித்தேன். இத்தனை வருடமும் என்னைச் சபித்தவன் நான் ஒருவன்தான்.