ராயகிரியில கொட்டுது

ஹஸ்னா பானுவுக்கு அரை மில்லிமீட்டர் சின்ன விஷயமில்லை. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாயில் கோடு பார்த்துப் பழகிய கண். வீட்டு மாடியில் ஒரு மழைமானியும் வைத்திருந்தாள். அதைச் சுற்றித்தான் உம்மா வடகம் காயப்போடுவாள். "மழை வந்தா அளக்கதுக்கு ஆள் இருக்கு, வடகத்தை எடுக்கதுக்கு ஆள் இல்ல" என்று அடிக்கடி புலம்புவாள்.

வாட்ஸப்பில் 'சங்கரன்கோவில் மழைமானி' குழுவை ஆரம்பித்தது ஹஸ்னாதான். சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பதினான்கு பேர். காலை எட்டரைக்கு அவரவர் ஊரில் பெய்த மழையை அளந்து போட வேண்டும். ராயகிரி செல்வக்குமார் டீக்கடைக்காரர். அவருடைய மழைமானி ஸ்கேல் ஒட்டிய பழைய மிட்டாய் பாட்டில். "ராயகிரி பன்னெண்டு மில்லி. காக்கா குளிச்சது போக பத்து" என்று போடுவார். பாதிப் பேர் எட்டரைக்குப் போனை எடுப்பதே அதற்காகத்தான். ஹஸ்னாவும் தனியாகச் சிரித்துக்கொள்வாள். குழுவில் ஒரு கட்டைவிரல் மட்டும் போடுவாள்.

ஏப்ரல் முதல் தேதிதான் வினை வந்தது. நல்ல வெயில் நேரத்தில் செல்வக்குமார், "ராயகிரியில கொட்டுது" என்று ஒரு மழை வீடியோ போட்டார். போன வருடத்து வீடியோ. எல்லோரும் ஏப்ரல் ஃபூல் என்று சிரித்து முடிப்பதற்குள், பனவடலிசத்திரத்து விவசாயி உச்சிமாகாளி களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அந்த வெயிலில் மூடினால் வத்தல் வேர்த்துவிடும். இரண்டு சாக்கு பூசணம் பிடித்தது.

உச்சிமாகாளி சண்டை போடவில்லை. "இனிமே இதைப் பாத்துக் களத்துல இறங்க மாட்டேன் தாயி" என்று மட்டும் எழுதினார். ஹஸ்னாவுக்கு அதுதான் சுட்டது. அன்றைக்கே குழுவை இரண்டாக்கினாள். 'மழை மட்டும்' ஒன்று, 'அரட்டை' ஒன்று. அரட்டையை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, அதன் சத்தத்தை நிறுத்தி வைத்தாள்.

'மழை மட்டும்' பரீட்சை ஹால் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆளும் இல்லை. எட்டரைக்கு அறுபது ஊர் அளவு வந்த இடத்தில் மூன்று வாரம் கழித்து ஒன்பதுதான் வந்தது.

ஏப்ரல் கடைசி. மத்தியானம் இரண்டே முக்கால் மணி. புழுக்கம் தாங்கவில்லை. 'மழை மட்டும்' குழுவில் உச்சிமாகாளி கேட்டிருந்தார்: "மேக்க கருக்கலா இருக்கு. களத்துல இருவது சாக்கு வத்தல் கிடக்கு. நானும் வீட்டுக்காரியும்தான். அள்ளி மூட முக்கால் மணி நேரம் ஆகும். மூடவா, விடவா?"

இந்த வருடத்து மகசூல் முழுக்க அந்தக் களத்தில் கிடந்தது. நனைந்தாலும் போச்சு, சும்மா மூடினாலும் போச்சு. பத்து நிமிடமாக யாரும் பதில் சொல்லவில்லை. ஹஸ்னா போனில் வானிலை ரேடார் படத்தைத் திறந்தாள். மலைப் பக்கம் சிவப்புத் திட்டு. ஆனால் அது இருபது நிமிடம் பழைய படம். இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது?

வேறு வழியில்லாமல் அரட்டையைத் திறந்தாள். இருநூற்று நாற்பது செய்திகள். கடைசியில் செல்வக்குமார்: "ராயகிரியில கொட்டுது. வடை வாங்குனா ரசம் இலவசம்."

ஹஸ்னாவின் விரல் அப்படியே நின்றது. அதே இரண்டு சொல். இதை நம்பித்தானே அன்றைக்கு உச்சிமாகாளி வத்தலை மூடினார்.

குழு ஆள் யாரையும் அவள் போனில் அழைத்ததே கிடையாது. இப்போது செல்வக்குமாரை அழைத்தாள்.

"அண்ணே, ஹஸ்னா பேசுதேன். உண்மையிலேயே பெய்யுதா?"

"யாரு, அட்மினா? நான் சொன்னா நம்புவியா தங்கச்சி? இரு." போனைத் தூக்கிப் பிடித்தார் போல. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் காதை அடைத்தது. அதற்கு நடுவே யாரோ, "ஏலே, பெஞ்ச உள்ள இழு" என்று கத்தினார்கள்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு நாப்பது. காத்து உங்க ஊரைப் பாத்துத்தான் அடிக்கி."

ஹஸ்னா அரட்டையில் முதல்முறையாக எழுதினாள்: "பனவடலியில வத்தல் கிடக்கு. யார் ஊர்ல என்ன நடக்குதுன்னு ஊர்ப்பேர் போட்டுச் சொல்லுங்க. பழைய வீடியோ வேண்டாம்."

அவ்வளவுதான், திமுதிமுவென்று வந்து விழுந்தன. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தையல்காரி சுமதி: "கரிவலம். மூணு மணி. புழுதிக் காத்து, கொடியில இருந்த பாவாடை பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு." அடுத்த நிமிடமே: "கரிவலம். பெருந்துளி. பாவாடை இன்னும் வரல." திருவேங்கடத்துக்காரர்: "திருவேங்கடம். சுத்தமா வெயில். எங்களுக்கு எப்பவும் இதே ஓரவஞ்சனை."

வடக்கே இருக்கிற திருவேங்கடத்தில் வெயில் என்றால், மழை அந்தப் பக்கம் விலகவில்லை. நேராகத் தென்கிழக்கே, பனவடலியைப் பார்த்து வருகிறது. சோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தையும் தூரத்தையும் போட்டுப் பார்த்தாள். உச்சிமாகாளியை அழைத்தாள்.

"அண்ணாச்சி, மூடுங்க. நாலு மணிக்குள்ள உங்களுக்கு வந்துரும்."

"அந்த ராயகிரிக்காரன் சொன்னானா?"

"அவரும் சொன்னாரு. கூரையில விழுத சத்தத்தை நானே கேட்டேன். கரிவலத்துலயும் விழுது. நான் சொல்லுதேன், மூடுங்க."

அவர் போனை அணைக்கவில்லை. "ஏ வள்ளித்தாய், மம்பட்டியப் போட்டுட்டு ஓடியா" என்று மனைவியைக் கூப்பிடும் குரல் தூரத்தில் கேட்டது.

மூன்று இருபதுக்குச் சங்கரன்கோவில் இருண்டது. பரிசோதனை நிலையத்தின் கதவு படாரென்று அடித்தது. தெருவில் எல்லோரும் ஓட, ஹஸ்னா மட்டும் வாசலுக்கு வந்து கையை நீட்டி நின்றாள். முதல் துளி உள்ளங்கையில் கல் மாதிரி விழுந்தது. "சங்கரன்கோவில். 3.24" என்று ஈரக் கையோடு தட்டினாள்.

நாலு மணிக்குப் பனவடலியிலிருந்து குரல் பதிவு வந்தது. தார்ப்பாயில் மழை அடிக்கும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், பிறகு உச்சிமாகாளி: "பனவடலிசத்திரம். மூணு அம்பத்தி ரெண்டு. தார்ப்பாய் மேல கடைசிக் கல்லைத் தூக்கி வைக்கவும் மழை விழவும் சரியா இருந்துச்சு. ஒரு சாக்கு ஓரத்துல நனைஞ்சுட்டு, போகட்டும். ராயகிரிக்காரரே, ரசம் நீரே குடியும் வே. நான் வந்தா வடைய மட்டும் தாரும்."

மறுநாள் காலையில் இரண்டு குழுவும் ஒன்றாயின. ஹஸ்னா ஒரே ஒரு விதி எழுதினாள்: ஊர்ப்பேரும் அந்த நேரத்து வானமும் இல்லாமல் இங்கே ஜோக்கு கிடையாது.

எட்டரை ஆவதற்குள் எழுபத்தோரு ஊர் அளவு வந்திருந்தது. மாடியில் நின்று தன்னுடையதைப் பார்த்தாள். காலுக்குக் கீழே வெள்ளைக் கூழாக ஏதோ சொதசொதத்தது. கீழேயிருந்து உம்மாவின் குரல் இன்னும் ஓயவில்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதி அனுப்பிவிட்டாள்:

"சங்கரன்கோவில். வானம் தெளிவு. 31.5 மில்லி. ஊருக்கெல்லாம் வத்தலை மூடச் சொன்ன அட்மின் வீட்ல, உம்மா போட்ட வடகம் மொத்தமும் கரைஞ்சுட்டு. இன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது."

போன் கையில் துள்ள ஆரம்பித்தது. முதல் பதில் செல்வக்குமாருடையது.

"ராயகிரி. லேசா மேகம். பரோட்டா பார்சல் ஒண்ணு பஸ்ல ஏத்திவிடுதேன் தங்கச்சி. மூடித்தான் அனுப்புதேன்."