வாசலுக்கு வாசல் ஒரு சரிவு

எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவருக்கு 'ஆறடி' என்று பெயர். ஆள் ஐந்தடியைத் தாண்டமாட்டார். ஆனால் புதுக் குடியிருப்பு எதற்குப் படம் போட்டாலும், நடைபாதைக்கு ஆறடி விடாமல் பென்சிலைக் கீழே வைக்கமாட்டார். "மனுஷன் நடக்கத்தானே சார் தெரு?" என்று அதிகாரியிடமே மல்லுக்கு நிற்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் அரை மணி நேரம் நடந்தால்தான் கால் தேறும், விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மேடு பள்ளம் ஆகவே ஆகாது. ஆறடி யோசிக்கவில்லை. தான் படம் போட்ட குடியிருப்பிலேயே வீடு வாங்கினார். வாசலிலிருந்து பூங்கா வரை ஒரே மட்டமான நடைபாதை. மனைவி தன் தோளைப் பிடிக்காமல் பூங்கா வரை போய்வந்த கதையை அலுவலகம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

பிறகு கார்கள் வந்தன. கேட்டிலிருந்து சாலை வரை, நடைபாதைக்குக் குறுக்கே, வீட்டுக்கு வீடு கார் ஏறி இறங்கச் சிமெண்டுச் சரிவு. எல்லாம் படித்த ஜனங்கள்தான். ஒருத்தருக்காவது உறுத்த வேண்டுமே! ஒரே வருடத்தில் நடைபாதை முதலை முதுகு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா இரண்டு முறை தடுக்கி விழுந்தார். அதோடு வெளியே வருவதை விட்டுவிட்டார். ஆறடி இரண்டு வருடம் மேசை மேசையாக அலைந்து, அந்தத் தெருவின் சரிவுகளை எல்லாம் இடிக்க உத்தரவு வாங்கினார்.

உத்தரவோடு வீட்டுக்குப் போனால், அவர் வாசலிலேயே புதுச் சிமெண்டு. மகன் கார் வாங்கியிருந்தான்.

"என்னடா இது?"

"எல்லாரும் போட்டிருக்காங்கப்பா. நம்ம கார் மட்டும் தெருவுல நிக்கணுமா?"

"உங்கம்மா எப்படிடா நடப்பா?"

"அதான் கார் வந்துடுச்சே. எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்."

நடக்க வேண்டியவளைக் காரில் வைத்துக் காப்பாற்றப் போகிற பிள்ளை! ஆறடி கடப்பாரையை எடுத்துத் தன் கையாலேயே இடித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. மகன் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் தெருக்காரர்கள் எல்லாரும் கூட்டமாகப் போய், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார்கள். உத்தரவு ரத்து. ரத்து உத்தரவை டைப் அடித்தது நான்தான். என் வீட்டு வாசலிலும் ஒரு சரிவு உண்டு. ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு படத்தில் கையெழுத்து வாங்க ஆறடி வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க அவர் வீட்டு முன்னால் மட்டும்தான் நடைபாதை மட்டமாக இருந்தது. முப்பது அடி இருக்கும். அந்த அம்மா அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கத்து வீட்டுச் சரிவு வந்ததும் திரும்புவார். அந்தப் பக்கத்து வீட்டுச் சரிவு வந்ததும் திரும்புவார். ஆறடி வாசலில் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து வாட்டிதான்மா," என்றார்.

"போதுங்க. திரும்பித் திரும்பித் தலை சுத்துது," என்று சொல்லி, அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.