எகிப்துக்குப் போன லோடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குச் சேரும்வரை எகிப்து என்றால் எனக்குப் பிரமிடு மட்டும்தான். சேர்ந்த பிறகு அந்த நாட்டின் அடுப்படி வரை தெரிந்துகொண்டேன். நாங்கள் செய்த பிரேக் தகடுகள் அந்த ஊர் ஆட்டோக்களுக்குத்தான் போயின. தின்கிற கோதுமையையே கப்பலில் வாங்குகிறவர்கள் அவர்கள். கையிலிருக்கும் டாலர் முதலில் கோதுமைக்கு, அப்புறம் மருந்துக்கு, மிச்சமிருந்தால் எங்கள் தகட்டுக்கு. அங்கே டாலர் வற்றினால் இங்கே எங்களுக்கு வேலை நாள் குறையும். டீ நேரத்தில் தங்கம் விலை பார்ப்பதை விட்டுவிட்டு, எகிப்துப் பணம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். பார்த்து என்ன கிழித்தோம் என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார். எங்கள் சரக்கை வாங்கும் எகிப்துக்காரரின் பேங்க் கெடு வைத்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பாவிட்டால் ஆர்டர் போச்சு, ஆர்டர் போனால் கம்பெனியும் போச்சு. மிச்சமிருக்கும் தகடுகளை உடனே அடிக்கச் சொன்னார்.

பூஜை போட்ட மிஷினை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். வெல்டர் போய் முதலாளியின் சட்டையைப் பிடித்தார்.

"வருசத்துல ஒரு நாளுதான்யா மிஷினு தூங்குது. சாமிய விட எகிப்துக்காரன் உனுக்குப் பெர்சா?"

முதலாளி அவர் கன்னத்தில் அறைந்தார். வெல்டர் முஷ்டியால் திருப்பிக் கொடுத்தார். முதலாளியின் மூக்கு உடைந்து ரத்தம் பொரித் தட்டில் சொட்டியது. தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர்தான் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்.

"உடு மச்சான். லோடு போவலைன்னா அடுத்த வருசம் பூசை போட மிஷினே இருக்காது. நான் ஓட்றேன்."

அந்த பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் மேலேயிருக்கும் இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. காலையில் அவரே மிஷினைத் துடைத்து, ஆசையாசையாக ஒவ்வொரு பொத்தானிலும் கெட்டிச் சந்தனம் அப்பி, அழுத்திக் குங்குமம் வைத்திருந்தார். இடது பொத்தான் உள்ளே போனது போனதுதான், சந்தனம் காய்ந்து அப்படியே சிக்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. கடைசித் தகட்டை இடது கையால் உள்ளே வைத்தார். பழக்கத்தில் வலது கை பொத்தானுக்கு முந்திக்கொண்டது. இரும்பு இறங்கியது.

அவர் கத்தவில்லை. கத்தியது நான். இடது கையில் மூன்று விரல்கள் தகட்டோடு தகடாகிவிட்டன.

முதலாளி தன் காரிலேயே அவரை ஏற்றினார். நானும் ஏறப் போனேன். சுற்றிய துணி முழுக்க ரத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தடுத்தார்.

"நீ வராத. அவனுங்க லோட ஒடச்சிடுவானுங்க. ஏத்தி அனுப்பிட்டு வா."

அவர் சொன்னதுதான் நடந்தது. கார் கேட்டைத் தாண்டியதும் ஆட்கள் ஆபீஸ் கண்ணாடியை நொறுக்கினார்கள். நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் வெளியே பறந்தன. அடுத்து கண்டெய்னர் பக்கம் வந்தார்கள். நான் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன். வெல்டர் சுத்தியலோடு முன்னால் வந்தார். எங்கள் கல்யாணத்தில் முன்னின்று பந்தி பரிமாறியவர்.

"உம் புருசன் கையத் தின்ன லோடும்மா இது. வழி உடு."

"தின்னுச்சில்ல? அப்ப போய்ச் சேரட்டும்."

அவர் என்னைத் தள்ளினார். தோளைப் பார்த்து ஓங்கி ஒரே அடி வைத்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அப்போது எனக்குப் பரிதாபம் வரவில்லை. அடுத்தவன் வந்தால் மண்டையிலேயே போடுவேன் என்றேன், சத்தியமாகப் போட்டிருப்பேன். யாரும் வரவில்லை. கையில் ஒட்டிய என் வீட்டுக்காரரின் ரத்தத்தோடு நானும் இரண்டு பெண்களும் கடைசிப் பெட்டிகளை ஏற்றினோம். வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கண் திறந்ததும், "போச்சா?" என்றார். "போச்சு" என்றேன். "அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லோடு எகிப்தின் துறைமுகம் வரை நல்லபடியாகத்தான் போனது. அது கடலில் இருக்கும்போதே அந்த நாட்டுப் பணம் தலைகுப்புற விழுந்தது. பேங்க் டாலர் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. அங்கே கோதுமை முந்திக்கொண்டது, அதற்காக அவர்களை நான் திட்ட முடியாது. சரக்கை எடுக்க ஆளில்லாமல் கண்டெய்னர் அங்கேயே கிடந்து, கடைசியில் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது.

மாதக்கணக்கில் உப்புக் காற்றில் கிடந்து தகடுகள் துருப்பிடித்திருந்தன. முதலாளி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட முடிவு செய்தார். முழுத் தகடாகப் போனால் எவனாவது எங்கள் முத்திரையோடு கடையில் விற்றுவிடுவான். அதனால் ஒவ்வொன்றையும் நசுக்கித்தான் போட வேண்டும். கை போனவருக்கு லேசான வேலை என்று அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

வலது கையில் சுத்தியலை எடுத்தார். இடது கையால் தகட்டைப் பிடிக்க முடியவில்லை, நழுவி நழுவி ஓடியது. நான் எதிரே உட்கார்ந்து தகட்டை நிமிர்த்திப் பிடித்தேன்.

"கைய எடுடி."

"நான் எடுக்க மாட்டேன். அடிய்யா."

அவர் சுத்தியலை ஓங்கினார். முதல் அடியைத் தரையில் போட்டார். இரண்டாவது அடியில் தகடு மடங்கியது. நான் அடுத்ததை எடுத்துப் பிடித்தேன்.