ரோலண்டின் செல்லாத ஓட்டு

கடலில் இருந்தவரை ரோலண்ட் ஸ்டோபர்ட் யாரையும் திட்டியதில்லை. வலை கிழிந்தாலும், பனிக்காற்றில் விரல் மரத்துப்போனாலும் வாயைத் திறக்காத மனுஷன் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். கரைக்கு வந்து, தலை நரைத்து, பாராளுமன்றத்தைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு வாய் முளைத்தது.

"வலை இழுக்கத் தெரியாத பயலுக எல்லாம் கப்பலுக்குத் தலைவனாம்" என்பான். தினமும் சொல்வான். அடுப்படியில் இருக்கும் அவன் மனைவி ஹேசல், அவன் ஆரம்பித்ததும் மீதியைத் தானே முணுமுணுத்துக்கொள்வாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று நாட்டைக் கேட்டபோது ரோலண்ட் வெளியேறலாம் என்றான். ஹேசல் வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டால் செல்லாக்காசாக்கிவிட்டு, வரும் வழியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்காக அந்த வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. உடைந்ததெல்லாம் லண்டனில்தான். மூன்று வருஷமாக அங்கே இருந்தவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவருவார்கள், தோற்கும். அதையே திரும்பக் கொண்டுவருவார்கள், திரும்பவும் தோற்கும். போவதென்றும் முடிவாகவில்லை, இருப்பதென்றும் முடிவாகவில்லை. மார்ச் கடைசியில் கட்டாயம் கிளம்பிவிடுவோம் என்று பிரதமர் வாய் ஓயாமல் சொன்னார். மார்ச் போனது. ஏப்ரலும் போனது. யாருக்கும் வெட்கமில்லை.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே மே மாதம் ஊர்க் கவுன்சில் தேர்தல் வந்தது. ஹேசல் அதில் நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் அவள். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு அலைந்து அலைந்து, கடைசியில் அதே கவுன்சிலில் தானே உறுப்பினராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அது பதினாறு வருஷத்துக்கு முந்தைய கதை. அவள் எந்தக் கட்சி என்பது ஊரில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஹேசல். சாக்கடை அடைத்துக்கொண்டால் ஹேசல். எல்லாவற்றுக்கும் மேலே, துறைமுகத் தெருவில் இருந்த பகல் இல்லம். பக்கவாதம் வந்தவர்கள், ஞாபகம் தப்பியவர்கள், தனியே விட முடியாதவர்கள் பகலில் வந்து இருக்கும் இடம் அது. அந்தக் கட்டடத்தை விற்றுவிடக் கவுன்சிலில் பாதிப் பேர் துடித்தார்கள். போன குளிர்காலத்தில் அது விற்கப்படாமல் நின்றதே ஹேசல் தூக்கிய ஒரு கையால்தான்.

இது ரோலண்டுக்குத் தெரியாததல்ல. பகல் இல்லத்தின் சின்ன வேனைச் சம்பளம் வாங்காமல் ஓட்டியவனே அவன்தான். காலையில் வீடு வீடாகப் போய் எல்லோரையும் ஏற்றிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவான். அதில் ஆல்ஃபி டர்னலும் வருவான். இரண்டு பேரும் ஒரே படகில் வேலை பார்த்தவர்கள். பக்கவாதம் ஆல்ஃபியின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது "ஆமா" என்கிற ஒரு சொல். அதை வைத்தே அவன் எல்லாம் பேசுவான். ரோலண்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓட்டுக் கேட்டுப் போனபோது அந்த வருஷம் வாசல்கள் சரியாகத் திறக்கவில்லை. ஹேசலின் கட்சிச் செயலாளரே தலைவர்கள் மேல் வெறுத்துப்போய் உறுப்பினர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு ஸ்பெயினில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் ஹேசலுக்குத் துண்டுப் பிரசுரம் தூக்கவும், ஓட்டு எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக நிற்கவும் ரோலண்டைத் தவிர ஆள் இல்லை.

"உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல கண்ணு," என்றாள் மூலை வீட்டு ஐரிஸ், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு. "என் குளியலறைக்குப் பிடி போட்டுக் குடுத்தவளே நீதான். ஆனா இந்தத் தடவை ஒருத்தருக்கும் போடறதா இல்ல. அந்த லண்டன் கூட்டத்துக்கு உறைக்கணும்."

"அவங்களுக்கு உறைக்காது ஐரிஸ். எனக்குத்தான் உறைக்கும்," என்றாள் ஹேசல்.

"நீ எப்படியும் ஜெயிச்சுருவ போ."

தெரு முழுக்க இதே பேச்சுதான். நீ எப்படியும் ஜெயித்துவிடுவாய். ரோலண்டும் அதையேதான் நினைத்தான். அவள் நூற்றுக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தே அவன் பார்த்திருக்கிறான்.

மதுக்கடையில் வேறு பேச்சு ஓடியது. வீட்டிலேயே இருந்துவிட்டால் சோம்பேறி என்பார்கள், போய்த் தாளிலேயே எழுதிப் போடுவோம், எல்லா ஊரிலும் எழுதினால் அது மூட்டை மூட்டையாக லண்டனுக்குப் போகும், அப்போது படித்துத்தானே ஆகவேண்டும் என்றார்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள், பேனா கொண்டுபோ என்றும் சொன்னார்கள். வருஷா வருஷம் ஓட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்தான் எல்லோரும். அந்தத் தாள் எங்கே போகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தேர்தல் அன்று ரோலண்ட் வேனில் வந்தவர்களை ஓட்டுச்சாவடியாக இருந்த தேவாலயக் கூடத்துக்கு அழைத்துப் போனான். ஆல்ஃபி உதவி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, இடது கையால் பென்சிலைப் பிடித்து வெகுநேரம் எதையோ போட்டான். வெளியே வந்து ரோலண்டின் தோளைத் தட்டி, "ஆமா," என்றான்.

பிறகு ரோலண்ட் மறைப்புக்குள் போனான். தாளில் இரண்டே பெயர். ஹேசல் ஸ்டோபர்ட். கிரெய்க் மாப்லி. மாப்லி டயர் கடை வைத்திருப்பவன், சுயேச்சை. லண்டனுக்குப் பாடம் புகட்டுவோம் என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மனைவி பெயருக்கு நேரே பெருக்கல் குறி போடத்தான் ரோலண்ட் குனிந்தான். அந்தப் பெயருக்குக் கீழே, லண்டனில் கூத்தடித்தவர்களின் அதே கட்சியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் மூன்று வருஷத்துக் கோபமும் சேர்ந்து எழும்பி வந்தது. சட்டைப்பையில் இருந்த பேனா கைக்கு வந்துவிட்டது. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதினான். மடித்துப் பெட்டியில் போட்டபோது, வெகு நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் அவ்வளவு சந்தோஷம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை விளையாட்டுக் கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். முன்பெல்லாம் ரோலண்ட் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே முடிவைக் கேட்பவன். மேசைப் பக்கம் போனதேயில்லை. இந்தத் தடவை நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு ஹேசலுக்குப் பக்கத்தில் நின்றான். ஓட்டுக் கட்டுகள் இரண்டும் ஒரே உயரத்தில் வளர்ந்துகொண்டிருந்தன.

சந்தேகத் தாள்களைத் தனியே எடுத்துவைத்திருந்தார்கள். தேர்தல் அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வேட்பாளர்களையும் ஏஜெண்டுகளையும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஒவ்வொண்ணா காட்டுறேன். போட்டவங்க எண்ணம் தெளிவா இருந்தா எடுத்துக்குவோம். ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ரோலண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தாள் எங்கும் போவதில்லை. மூட்டையும் இல்லை, லண்டனும் இல்லை. எழுதியதையெல்லாம் படிப்பது இந்த மேசையைச் சுற்றி நிற்கிற நாலைந்து பேர்தான். அதில் ஒருத்தி அவன் பெண்டாட்டி.

முதல் தாள்களில் அசிங்கமாக எழுதியிருந்தார்கள். ஹேசல் முகம் மாறாமல் தலையாட்டினாள். அடுத்து ஒரு தாள் வந்தது. நடுங்கி நடுங்கிப் போட்ட கோடுகள், கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியிருந்தன.

"இது யாருக்குன்னு சொல்ல முடியலையே," என்றான் மாப்லியின் ஏஜெண்ட்.

அந்தக் கோடு எந்தக் கையிலிருந்து வந்திருக்கும் என்று ரோலண்டுக்குத் தோன்றிவிட்டது. "ரெண்டு கோடும் குறுக்க வெட்டுறது எங்க, பாருங்கம்மா," என்றான். விரலை நீட்டிக் காட்டினான். "ஹேசல் கட்டத்துக்குள்ள. கை நடுங்கினா எண்ணம் நடுங்குச்சுன்னு ஆயிருமா?"

அதிகாரி குனிந்து பார்த்தார். "சரி, எடுத்துக்கலாம்." தாள் ஹேசலின் கட்டுக்குப் போனது.

அடுத்த தாளை அவர் திருப்பி வைத்தார். நீல மை. இரண்டு பெயர்களின் மேலேயும் ஓடியிருந்த பெரிய பெரிய எழுத்துகள்.

வலை இழுக்கத் தெரியாத பயல்களா, மூன்று வருஷம் போச்சு. எவனுக்கும் என் ஓட்டு இல்லை.

மாப்லி சிரித்துவிட்டான். "நல்லா குடுத்திருக்கான் ஆளு." ஹேசல் சிரிக்கவில்லை. படித்தாள், திரும்பவும் ஒருமுறை படித்தாள். ரோலண்ட் பேனா இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான். அவள் திரும்பி அவனைப் பார்க்கவே இல்லை.

"எழுத்து உங்க பேர்லதான் ஆரம்பிக்குது," என்றார் அதிகாரி அவளிடம். "ஏதாவது சொல்றீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் ஹேசல். "இதுலயும் எண்ணம் தெளிவாத்தான் இருக்கு. செல்லாது."

சிவப்பு முத்திரை விழுந்தது.

முடிவில் இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். சமம்தான். இன்னும் ஒருமுறை எண்ணச் சொல்லி மாப்லியே கேட்டான். அதுவும் சமம்தான். சட்டப்படி குலுக்கல் என்றார் அதிகாரி. இரண்டு சீட்டில் பெயர் எழுதி, மடித்து, காலியான ஓட்டுப் பெட்டியில் போட்டுக் குலுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பதினாறு வருஷத்து வேலை அந்தத் தகரப் பெட்டிக்குள் சடசடவென்று சத்தம் போட்டது. வந்தது மாப்லியின் பெயர்.

"நான் ஜெயிப்பேன்னு நினைச்சு நிக்கலை ஹேசல்," என்றான் அவன். உண்மையிலேயே வெளிறிப்போயிருந்தான். "சும்மா காட்டிட்டுப் போகலாம்னுதான்..."

"தெரியும்ப்பா," என்று அவன் கையைக் குலுக்கினாள். "பகல் இல்லத்தை மட்டும் பாத்துக்க."

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மீன் சந்தையைத் தாண்டியதும் ரோலண்டால் வாயை அடக்க முடியவில்லை.

"ஹேசல், அந்தத் தாளு..."

"தினம் கேக்கறேனே ரோலண்ட். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் விட்ட? வாதாடியிருக்கலாமே. உன் பேர்லதான் ஆரம்பிக்குதுன்னு அந்த அம்மாவே சொன்னாங்களே."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எவனுக்கும் இல்லைன்னு எழுதியிருந்தே. எனக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"உன்னை இல்ல. லண்டன்ல இருக்கவனுங்களை."

"அவனுங்க யாரும் நிக்கலையே. நான்தானே நின்னேன்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள், வழக்கம்போல எதிரே உட்கார்ந்து குடித்தாள். ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ரோலண்ட் தொலைக்காட்சியைப் போடுவதை விட்டுவிட்டான். பாராளுமன்றம் அவன் திட்டு இல்லாமலே நன்றாக நடந்தது.

மாப்லி கெட்டவன் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கவுன்சிலில் கணக்கும் வரைபடமும் வைத்துக்கொண்டு பேசியவர்கள் முன்னால் டயர் கடைக்காரனுக்கு வாய் வரவில்லை. கட்டடத்தை விற்க எல்லோரும் தூக்கினார்கள் என்று தானும் கையைத் தூக்கினான். அக்டோபர் கடைசியில் பகல் இல்லத்தைப் பூட்டினார்கள். நாடு போகிறதாகச் சொன்ன புதுத் தேதியும் அதே வாரம்தான். நாடு அப்போதும் போகவில்லை.

பூட்டிய மறு திங்கட்கிழமை ரோலண்ட் பத்திரிகை வாங்க நடந்துகொண்டிருந்தான். வேனைத்தான் கவுன்சில் எடுத்துக்கொண்டதே. ஆல்ஃபி வீட்டு வாசலில் ஆள் நின்றது. கோட்டு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, தொப்பி வைத்து, கைத்தடியை ஊன்றியபடி ஆல்ஃபி மழைத் தூறலில் நின்றான். அவன் மனைவி மேவிஸ் குடையை அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடிஞ்சதுலேருந்து இதே நிலைதான் ரோலண்ட். மூடியாச்சுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. உள்ள வர மாட்டேங்கிறாரு." கண்ணைத் துடைத்தாள். "லண்டன்காரப் பாவிங்க நல்லா இருப்பானுங்களா?"

"லண்டன் இல்ல மேவிஸ்," என்றான் ரோலண்ட். "நான்தான். என் ஓட்டை நான் ஹேசலுக்குப் போடல. தாளுல கிறுக்கிட்டு வந்தேன். அந்த ஒரு ஓட்டுலதான் அவ போனா."

மேவிஸ் அவனையே பார்த்தாள். பிறகு அவன் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"போப்பா, நீயாவது எழுதின. நான் போகவே இல்ல. அன்னிக்கு ஒரே மழை. அவ எப்படியும் ஜெயிச்சுருவான்னு இருந்துட்டேன்."

ஆல்ஃபி ரோலண்டைக் கண்ட சந்தோஷத்தில் முகம் கோணச் சிரித்தான். வேனில் ஏறுவதற்காக நீட்டுவதுபோல இடது கையை அவன் பக்கம் நீட்டினான்.

"ஆமா," என்றான்.

ரோலண்ட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு படி இறக்கி, வாயிற்கதவைத் திறந்து, வேன் எதுவும் நிற்காத தெருவுக்கு அவனை அழைத்துப் போனான்.