இரண்டு காதும் தெரிய வேண்டும்

"நாடிய கொஞ்சம் எறக்குங்க. காது ரெண்டும் தெரியணும். ஆடாதீங்க, மேடம்."

கணபதி இதைக் கிசுகிசுக்கும்போது பனி இன்னும் தேயிலைச் செடிகளை விட்டு எழுந்திருக்காது. அவர் மலைக்கான் என்னும் தேயிலைச் சரிவு வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்திருப்பார். மேலே ஒரு கறுப்புக் கம்பளி; கம்பளியின் ஓட்டை வழியே கேமராவின் மூக்கு. மேடம் என்பவர் எதிரே மானாப்புல்லில் நிற்கும் பெண் நரி. இவ்வளவு மரியாதையாகச் சொல்லியும் மேடம் திரும்பி வாலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

கண்டிக்குப் பக்கத்தில், தெல்தோட்டைக் கடைவீதியில் கணபதிக்கு ஒரு ஸ்டூடியோ. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். சுற்றுவட்டாரத்தில் அவர் நாடியைப் பிடித்துத் திருப்பாத ஆள் இல்லை. சிரித்தால் அதட்டுவார், காதை முடி மறைத்தால் சீப்பை நீட்டுவார். கோட் இல்லாதவர்களுக்காக அவருடைய கணினியில் ஒரு கோட் இருக்கிறது. கறுப்புக் கோட், சிவப்பு டை. படத்தில் கழுத்துக்குக் கீழே அதை ஒட்டிவிடுவார். இந்த ஊரிலிருந்து வெளிநாடு போன அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டில்தான் போனார்கள். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி முகத்தைப் பார்க்காமலே, "தெல்தோட்டையா?" என்று கேட்டதாக நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

நரிகளோடு அவருக்கு எப்படிச் சகவாசம் வந்தது என்று கேட்டால், "மனுசங்க மொகம் சலிச்சுப் போச்சுங்க" என்பார். ஆனால் நரிகளுக்கு இவர் முகம் அதற்கு முன்பே சலித்துப்போயிருக்க வேண்டும். ஸ்டூடியோச் சுவர் நிறைய நரிப் படங்கள், எல்லாம் பின்பக்கம். புல்லுக்குள் போகும் வால், கானைத் தாண்டும் வால், மழையில் நனைந்த வால். எதிர்ப் பலசரக்குக் கடை ஹபீல் தேநீர் குடிக்க வரும்போதெல்லாம் கேட்பார்: "கணபதி அண்ணே, ஒங்கட நரிக்கு மொகமே இல்லியா? எல்லாத்திலயும் வால்தானே ஈக்கி!"

"இருக்கு, இருக்கு. நேரம் வந்தா காட்டும்."

நேரம் இரத்தினம்மாவின் கோழிகள் வடிவில் வந்தது.

இரத்தினம்மாவின் வீடு மானாப்புல் சரிவுக்குக் கீழே. கோழிகள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, அவர் ஒருநாள் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார்.

"தம்பி, ஒன் மேடத்துக்கு நான் கருவாட்டுத் தலையில வெசம் வைக்கப் போறேன். சொல்லாமச் செஞ்சுட்டேன்னு நாளைக்குப் பேசப்படாது."

கணபதி அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேடத்துக்குப் புல்லுக்குள் குட்டிகள் இருப்பது அவருக்குத் தெரியும். "அக்கா, நரிய கொல்லலாமா? நரி மொகத்துல முழிச்சா எவ்வளவு ராசி! ஒங்களுக்கு வேற திங்கக்கெழம கண்டில வழக்கு இருக்கு…"

வழக்கு வேலித் தகராறு. பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்திவிட்டார் என்று இரத்தினம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மொகத்துல முழிச்சா ராசிதான். வால்ல முழிச்சா என்னா கெடைக்கும்?"

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வழக்குக்குப் போகும் காலையில் இரத்தினம்மா கண் விழிக்க, நரியின் நேர்முகப் படம் ஒன்று சட்டம் போட்டு வர வேண்டும். போன காரியம் நல்லபடி நடந்தால் விஷம் கிடையாது. முகம் வராவிட்டால் கருவாட்டுத் தலை.

அதன்பிறகு கணபதி வீட்டில் இருந்தாரா கானில் இருந்தாரா என்று அவர் மனைவி ஜெயராணிக்கே தெரியாது. நரி வந்தது, வாலைக் காட்டிற்று. மறுபடி வந்தது, மறுபடி வால். ஞாயிறு விடியற்காலை, அது சரிவில் ஏறிப் புல்லுக்குள் நுழையப் போன நேரத்தில், கம்பளிக்குள்ளிருந்து ஒரு முருகன் பாட்டு பெருஞ்சத்தத்தோடு எழுந்தது. ஜெயராணியின் அழைப்பு. வரும்போது காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச் சொல்லத்தான்.

நரி சடாரென்று திரும்பியது. நேர்ப் பார்வை, நாடி கச்சிதம், இரண்டு காதும் கொடிக்கம்பம் மாதிரி. கணபதி அழுத்திவிட்டார். அடையாள அட்டைக்குக் கொடுத்திருந்தால் ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

பாணை மறந்துவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார். பாண் வராததால் தேடிவந்த ஜெயராணி திரையை உற்றுப் பார்த்தார்.

"ஏங்க, வாயில என்னா?"

வாயில் கோழி. அதுவும் கழுத்தில் இறகே இல்லாத, செம்புள்ளி போட்ட மொட்டைக் கழுத்துக் கோழி. அந்தச் சாதிக் கோழி ஊரில் ஒரே வீட்டில்தான் வளர்ந்தது.

"அய்யய்யோ, இது இரத்தினம்மா அக்கா கோழி! இத கொண்டு போய் குடுத்தீங்கன்னா நரியோட சேத்து ஒங்களுக்கும் வெசம்தான்."

"கோழிய அழிச்சா நரி நாடியும் சேந்து போகுதே…"

பிறகு கணபதி தன் தொழிலில் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கோழி மறைய, நரியின் வாய்க்குக் கீழே கறுப்புக் கோட்டை ஏற்றினார். சிவப்பு டையை இழுத்துச் சரிசெய்தார். பின்னணிக்கு நீலம் கொடுத்தார்.

படத்தைக் கையில் வாங்கிய இரத்தினம்மா வெகுநேரம் பார்த்தார்.

"கோட்டு எதுக்குப்பா?"

"கோர்ட்டுக்குப் போற காரியமில்லையாக்கா. ஒரு மரியாதைக்கு."

"அசல் லோயர் மாதிரியே இருக்கு," என்று கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினார். "என் லோயர விட இதுக்குக் களை."

திங்கட்கிழமை கணபதி கடையைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அன்றைக்கு எல்லாருடைய நாடியும் கோணலாகத்தான் விழுந்திருக்கும். கண்டி பஸ் திரும்பி வரும்வரை நிறுத்தத்தில் நின்று, இரத்தினம்மாவின் குடையை வாங்கிக்கொண்டு வீடுவரை பின்னாலேயே போனார்.

"என்னக்கா ஆச்சு?"

"தவண போட்டுட்டாங்க. இன்னொரு நாளைக்கு வரணுமாம்."

கணபதியின் முகம் செத்துப்போயிற்று.

"என்னாப்பா முழிக்கிற? அந்தக் காணிக்காரன் வரவே இல்ல! கூப்பிட்டாங்க, கூப்பிட்டாங்க, ஆளக் காணோம். நீதவான் ஐயா அவன் லோயருக்கு நல்லா ஏசிட்டாரு. எல்லாம் இந்த மொகத்தோட ராசி." படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "வழக்கு முடியிற மட்டும் இந்த நரிய தொடமாட்டேன். கோழிய வீட்டுக்குள்ளயே அடச்சுக்கிறேன்."

வேலி வழக்கு எப்போது முடியும் என்பதை அறிந்தவர் எவருமில்லை. மேடத்தின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே அன்று ஆயுள் கிடைத்துவிட்டது. கணபதி பெருமூச்சு விட்டு, தன் படைப்பை முதல்முறையாக நிம்மதியாகப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றார். கோட்டின் காலருக்கும் டைக்கும் நடுவில், ஒட்டும்போது தப்பிவிட்ட ஒரு செம்புள்ளி இறகு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தா, பிளேன்டீ குடி," என்று இரத்தினம்மா கோப்பையோடு வந்தார். "என்னப்பா, படத்த விடமாட்டேங்கிற?"

"கண்ணாடில ஒரு பூச்சிக்கா."

வலது கையால் பிளேன்டீயை வாங்கி, கடைசிச் சொட்டு வரை ஊதி ஊதிக் குடித்தார் கணபதி. இடது கைக் கட்டைவிரலை மட்டும் நரியின் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை.