பாசத்தில் எடுத்த படம்

ஹைதராபாத் மெட்டுகுடாவைச் சேர்ந்த ஜெசிந்தா பல வருடங்களாக கோல்கொண்டா கோட்டையில் கைடு. வெளிநாட்டுக்காரர்களைக் கண்டதும் ஓடிவந்து, அவர்கள் கையில் குழந்தையைத் திணித்து போட்டோ எடுப்பவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராயிருந்தாலும் சண்டைக்குப் போய்விடுவாள். போன வாரம் டூர் கம்பெனி மேனேஜர் வெஸ்லி கூப்பிட்டுக் கண்டித்தார்.

"நம்ம ஜனங்களோட சண்டை நக்கோ, வேணாம் ஜெசிந்தா. ஏதோ பாசத்துல எடுக்கிறாங்க."

"அந்தப் பாசத்தை வாங்கிக்கிறவங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நேற்று, அவள் சுற்றிக்காட்ட அழைத்து வந்த போலந்துப் பெண் ஒதுங்க ஒதுங்க, சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் ஆள் விடாமல் அந்தப் பெண்ணின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தான். இந்த முறை ஜெசிந்தா கத்தவில்லை. தன் போனை எடுத்து, அருகில் நின்ற அவன் மனைவியைப் படம் பிடித்தாள்.

அவன் பாய்ந்து வந்தான். "யாரைக் கேட்டு என் ஒய்ஃபை போட்டோ எடுத்தீங்க?"

"பாசத்துலதான் எடுத்தேன் அண்ணே. உங்கள மாதிரி தோள்ல கைகூடப் போடலையே," என்றாள் ஜெசிந்தா. "நீங்க முதல்ல அழிங்க. அப்புறம் நான் அழிக்கிறேன்."