அண்ணனின் கோடு நேரான வாரம்

அண்ணன் ஸ்கேல் இல்லாமல் கோடு போடுவான். அவனுடைய மேஜை பதினெட்டு அடி நீளம். துணியை அடுக்கடுக்காக அதன்மேல் விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் ஒரே இழுப்பாக இழுப்பான். பிறகு மின்சாரக் கத்தியை அந்தக் கோட்டின் வழியே ஓட்டுவான். அறுபது அடுக்குத் துணி ஒரே தடவையில் வெட்டுப்படும். கோடு கொஞ்சம் விலகினால் அறுபது சட்டையும் விலகும். பதினாறு வருஷத்தில் அப்படி விலகியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மருத்துவமனை, ஹோட்டல், காவலாளிகள் என்று பல இடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடை அது. தைக்கப் பதினைந்து பேர், வெட்ட அண்ணன் ஒருவன். கடையில் எல்லோருக்கும் அவன் மாஸ்டர். அவன் என்னை 'டிகிரி' என்று கூப்பிடுவான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் வந்த பெயர். அது பாராட்டா கிண்டலா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று வாரம் அவன் சரியாகத் தூங்கவில்லை. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். கடைக்கு ஆறு கிளை திறக்கப் போவதாகச் சொன்னான். ஆறுக்கும் தனித்தனியாகப் பெயர் யோசித்து வைத்திருந்தான். அவன் பேசிக்கொண்டே போக, அண்ணி வாயில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நானும்தான் சிரித்தேன்.

ஒருநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே கடையைத் திறந்து, இருநூறு சட்டைக்கான கைகளை வெட்டி முடித்திருக்கிறான். முகப்பு, பின்புறம் என்று வித்தியாசம் உள்ள துணி அது. முகப்பு மேலே வரும்படி எல்லா அடுக்கையும் விரித்தால், சட்டைக் கையின் வடிவத்தில் வெட்டிய அட்டையை ஒருமுறை அப்படியே வைத்தும், இன்னொருமுறை புரட்டி வைத்தும் வரைய வேண்டும். அப்போதுதான் இடது கையும் வலது கையும் கிடைக்கும். அவன் புரட்டவே இல்லை. நானூறும் இடது கை.

பட்டன் துளை போடும் காஜா அக்காதான் முதலில் பார்த்தது. "என்ன மாஸ்டர், எல்லாம் ஒரே பக்கத்துக் கையா இருக்கு? பரவாயில்ல, போட்டுக்கிறவங்க எல்லாரையும் பக்கவாட்டுல நிக்கச் சொல்லிடலாம், யாருக்குத் தெரியப் போகுது" என்றாராம். அண்ணன் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கால் மணி நேரம் கழித்தும் நிற்காதபோதுதான் காஜா அக்கா எனக்குப் போன் செய்தார்.

அதன்பிறகு மூன்று மாதம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். நாங்கள் கூட்டிப்போன மனநல டாக்டரம்மா நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். இருமுனைக் கோளாறு. "மனசு ஒரேயடியா மேல போகும், இல்லன்னா ஒரேயடியா கீழ விழும். நடுவுல நிக்கத்தான் மாத்திரை" என்றார். லித்தியம். தவறாமல் போட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மாத்திரை வேலை செய்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தான், குளித்தான், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தான். கூடவே கை நடுங்கத் தொடங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. தம்ளரை வைக்கும்போது மேஜைமேல் டக டகவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் அவனுடைய வேலையில் அதுதான் எல்லாமே. முதலாளி நல்ல மனுஷன். "கை நிக்கட்டும் மாஸ்டர், மேஜை எங்க ஓடிடப் போகுது" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தானே எடுத்துக்கொண்டார். அண்ணன் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவான், வெட்டிய துண்டுகளில் எண் ஒட்டுவான். பக்கத்தில் முதலாளி வெட்டுவார். அவர் வெட்டுவதைப் பார்க்காமல் இருக்க அண்ணன் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்று எண் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. டிவியில் எதையோ பார்த்து அவன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்ப்பார். "மாத்திரை போட்டீங்களா?" குழம்பில் உப்பு இல்லை என்று அவன் முகம் சுளித்தால் நான் கேட்பேன். "அண்ணா, மாத்திரை போட்டியா?"

ஒருநாள் சொன்னான்: "இந்த வீட்ல நான் தும்மினாக்கூட மாத்திரை போட்டியான்னுதான் கேப்பீங்க. எனக்குக் கோவம் வந்தா அது கோவம் இல்ல, வியாதி. சிரிப்பு வந்தா அதுவும் வியாதி. அப்ப நான்னு ஒருத்தன் எப்ப வருவேன், சொல்லிட்டா அந்த நேரத்துக்குத் தயாரா இருப்பேன்ல?"

அவன் வெளியே போனதும் அண்ணி என்னிடம் கேட்டார். "நீ படிச்சவ. நீயே சொல்லு. மாத்திரை இல்லாம இருக்க முடியுமா முடியாதா?"

நான் படித்தது புவியியல். எங்கே எப்போது மழை பெய்யும் என்று கேட்டால் ஓரளவு சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் பட்டம் என்றால் பட்டம்தான், எதில் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுந்ததாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு பேர் தாக்குப்பிடித்ததாகவும் இருந்தது. அடுத்த நாள் சாப்பிடும்போது, பெரிய ஆள் மாதிரி, "சில பேர் மாத்திரை இல்லாமலும் சமாளிக்கிறாங்கன்னு போட்டிருக்கு" என்றேன். அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்ன எதுவும் அண்ணன் காதில் விழவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. எனக்கு அலுவலகம் மதியத்தோடு முடிந்ததால் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேஜையில் நீல நிறத் துணி விரித்திருந்தது. அதன்மேல் ஒரு கோடு. அந்த முனையிலிருந்து இந்த முனைவரை, அலுங்காமல், குலுங்காமல். ஸ்கேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய தண்ணீர் பாட்டில் மூடிவரை நிறைந்திருந்தது. மாத்திரை போடும் நாட்களில் பதினோரு மணிக்கே அதைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பப் போவான்.

அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். முதலாளி கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லும்போது அண்ணன் முகம் இருந்த இருப்பு ஒரு காரணம். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்னால், அவனுக்கு அந்த வரியைக் கொடுத்தது நான்தான் என்பதும் வெளியே வரும். அது இன்னொரு காரணம். எது பெரியது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் அவன் என் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தான். காலரே இல்லாத சீருடை, வேர்வையே பிடிக்காத சீருடை, உலகத்திலேயே யாரும் யோசிக்காத சீருடை. நான் பேச இடமே கொடுக்கவில்லை. நான்காவது போனுக்குப் பிறகு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

கத்தி அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. முகப்பு, பின்புறம் உள்ள துணி. நான் அவனைப் பார்க்கவில்லை. மேஜையின் நீளத்துக்கும் நடந்து, வரைந்திருந்த கைகளைப் பார்த்தேன். இடது, வலது, இடது, வலது. எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது கத்தி நின்றிருந்தது.

"எண்ணியாச்சா டிகிரி?" என்றான். "ரெண்டு கையும் இருக்கா?"

"அண்ணா..."

"இல்ல, பரவால்ல. நல்லாப் பாத்துக்க. கழுத்து இருக்கான்னும் பாரு."

காஜா அக்கா மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் துணியைத் தடவிவிட்டான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மூணு மணி நேரம்தான் தூங்குறேன். போதுமா இருக்கு. ரொம்பச் சந்தோஷமா இருக்கேன்டி. அதான் பயமா இருக்கு. கை நிக்கிறதால வர்ற சந்தோஷமா, இல்ல அன்னிக்கு வந்த அதே கிறுக்கா? உள்ள இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு. நீயாவது சொல்லு, நீ வெளிய இருந்துதானே பாக்குற."

"எனக்கும் தெரியலண்ணா. எனக்குத் தெரியும்ங்கிற மாதிரி அன்னிக்குப் பேசினேன் பாரு, அது தப்பு."

அவன் கத்தியின் பிளக்கைப் பிடுங்கினான்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனோம், அண்ணியும்தான். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "திடீர்னு நிறுத்தினா திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். இப்ப ஏற ஆரம்பிச்சிருக்கு, இந்த நேரத்துல மாத்திரை இல்லாம விட முடியாது" என்றார். "அப்புறம் அளவைக் குறைச்சுப் பாக்கலாம். நடுக்கத்துக்குன்னு தனியா ஒரு மாத்திரை இருக்கு. ஒத்துவரலன்னா லித்தியத்துக்குப் பதிலா வேற. மாத்திரையே வேணாம்னு தோணினாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லுங்க. ஒளிச்சு மட்டும் செய்யாதீங்க."

"கை பழையபடி நிக்குமா?" என்று அண்ணன் கேட்டான்.

"முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

"தலை வேணுமா கை வேணுமான்னு கேக்குறீங்க."

அவர் மருந்துச் சீட்டை எழுதி அவன் பக்கமாக நகர்த்தினார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எங்கள் இருவரையும் பார்த்து, "போட்டுக்கிறேன். அந்த மூணு மாசம் மறுபடி என்னால முடியாது. ஆனா இனிமே வீட்ல எவளும் மாத்திரை போட்டியான்னு கேக்கக் கூடாது. கேக்கணும்னா டாக்டரம்மா கேக்கட்டும்" என்றான். அண்ணி சரி என்றார். நானும் சரி என்றேன்.

ஆறு வாரமாக நான் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்பது கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனேன். கத்தி மறுபடி முதலாளியிடம் போயிருந்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி, அதில் சிவப்புச் சாக்பீஸ். ஸ்கேல் இல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறான். கோடு நடுவில் இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. என்னை அறியாமலே ஒரு பெருமூச்சு வந்தது. அண்ணன் கோடு கோணலானதற்கு மூச்சு விடுகிற தங்கை நானாகத்தான் இருப்பேன்.

அவன் கவனித்துவிட்டான்.

"என்ன டிகிரி, கோணலா இருக்கா?"

"கொஞ்சம்."

"நிம்மதியா?"

அவன் பாதி காலியான தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான், ஈரத் துணியால் கோட்டைத் துடைத்தான், ஆணியிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து வைத்தான்.

"அந்த முனையைப் பிடி," என்றான். "அழுத்திப் பிடி, நகந்துடப் போகுது."

பிடித்துக்கொண்டேன்.